மிஸிஸ் கிரீன்வுட்டுக்கு ஒன்பது பக்கம்

கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியன் வாடகைக்கு அறை எடுப்பது எப்படி என்று அரசாங்கம் ஒரு பரீட்சை வைத்திருந்தால், தவயோகன் அகில இலங்கையிலும் முதலாவதாக வந்திருப்பான். மூன்று வருடத்தில் ஏழு அறைகள். வெள்ளவத்தை டியூட்டரிகளில் இரசாயனம் படிப்பித்துத்தான் சாப்பிட்டான் என்றாலும், அவனுடைய மெய்யான புலமை இந்தத் துறையில்தான் இருந்தது.

அந்தப் புலமை முழுவதும் ஒரு மஞ்சள் பைலுக்குள் அடங்கும். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டு, முந்தின லொட்ஜ்காரர்கள் தந்த நற்சான்றுகள். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு விடுதலைக் கடிதங்கள். 'சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டார், விசாரிக்கப்பட்டார், குற்றம் ஏதும் இல்லாதபடியால் விடப்பட்டார்' என்று சிங்களத்தில் எழுதி நீல முத்திரை குத்தியவை. முதலாவது, ஒரு சுற்றிவளைப்பில் கிடைத்தது. மற்றது, எட்டு மாதம் கழித்து, முடி வெட்டப் போன இடத்தில் கிடைத்தது. பாதித் தலை வெட்டியபடியே ஜீப்பில் ஏறினான்.

நல்ல காகிதம் என்றால் அதுதான். இப்போது இருக்கிற லொட்ஜின் சொந்தக்காரர் இராசரத்தினம் முதல் நாளே அதைப் பார்த்துத்தான் முகம் மலர்ந்தார்.

"தம்பியை எப்பவாவது பிடிச்சவங்களோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு தரம்."

"விட்டவங்களோ?"

"விட்டபடியால்தானே உங்களுக்கு முன்னால நிக்கிறன்."

"கடிதம் இருக்கோ? காட்டும் பாப்பம்... ஆ, நல்லது. ஒருநாளும் பிடிபடாதவனை நம்பேலாது கண்டீரோ. அவன் இனித்தான் பிடிபடுவான். பிறகு நான் ஸ்டேசனுக்கு அலைய வேணும்."

அன்றைக்கே சாவி கிடைத்தது. அதிலிருந்து அந்தக் கடிதங்களில் தவயோகனுக்கு ஒரு பெருமை. பட்டச் சான்றிதழ் பெட்டிக்கு அடியில் கரப்பான் பூச்சிகளோடு கிடந்தது. விடுதலைக் கடிதத்துக்குத்தான் பிளாஸ்டிக் உறை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓகஸ்டில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் நீர்ச் சுத்திகரிப்பில் மேற்படிப்புக்கு அவனுக்கு இடம் கொடுத்தது. படிப்புச் செலவுக்குப் புலமைப்பரிசில். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஒரு சிறு தொகை. பல்கலைக்கழக விடுதியின் வாடகையைக் கடிதத்தில் பார்த்தபோது அதை யாரோ ஒருவருடைய தொலைபேசி இலக்கம் என்றே முதலில் நினைத்தான். அந்தச் சிறு தொகையை மூன்றால் பெருக்கினாலும் விடுதியின் வாசற்படிக்கு மேல் ஏற முடியாது.

விசா நேர்முகம் அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. எங்கே தங்கப் போகிறாய் என்பதற்கு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் புலமைப்பரிசில் வரிசையில் அடுத்து நிற்பவனுக்குப் போய்விடும். அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல்கலைக்கழக வீட்டுவசதிப் பிரிவு, மாணவர்களுக்குக் குறைந்த வாடகையில் அறை கொடுக்கும் ஐந்து பேரின் பட்டியலை அனுப்பியது. எல்லோருக்கும் தொலைபேசி இருந்தது. மூவருக்கு மட்டும் பக்கத்துக் கடையின் தொலைநகல், அதாவது பக்ஸ், இலக்கமும் இருந்தது. தவயோகன் அந்த மூவரையே தெரிவு செய்தான். குரலை யார் நம்பப் போகிறார்கள்? காகிதம்தான் பேச வேண்டும்.

மஞ்சள் பைலைத் திறந்தான். ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான்.

பக்ஸ் அனுப்பப் போன இடம் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றின் முனையிலிருந்த கொமினிக்கேஷன். அங்கே வெளிநாட்டு அழைப்புக்கென்று மூன்று பலகைக் கூண்டுகள் இருந்தன. கூண்டுகளுக்குக் கதவு உண்டு, கூரை இல்லை. ஆகவே உள்ளே ஒருவர் கனடாவுக்கோ பிரான்சுக்கோ கத்துவதெல்லாம் மேலே எழும்பி, மின்விசிறியில் அடிபட்டு, மேசையில் இருக்கும் இராமலெட்சுமியின் தலையில் வந்து விழும்.

இராமலெட்சுமி அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். ஒன்பது வருடமாக அந்த மேசையில் இருக்கிறாள். தவயோகன் அவளைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவான். அவள் அவனைவிட இரண்டு வயது மூத்தவள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவளை அவன் பக்ஸ் மெஷினின் ஒரு பாகமாகவே நினைத்திருந்தான். மின்சாரம் போனாலும் வேலை செய்கிற பாகம்.

அவள் முதலாவது பக்கத்தை மெஷினுக்குள் செருகப் போய், நின்றாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு ஒன்பதையும் விசிறிப் பார்த்தாள்.

"என்னாங்க மாஸ்டர் இது? ரூமுக்கு எழுதினதா, ரிமாண்டுக்கு எழுதினதா?"

"ரூமுக்குத்தான் தங்கச்சி. ஆதாரங்கள்."

"பொலிஸு புடிச்ச கடுதாசிய மொதப் பக்கமா வச்சிருக்கீங்களே."

"பிடிச்சதில்லை, விட்டது. வடிவாப் பாருங்கோ."

"எட்டாம் பக்கத்தில என்னமோ முழங்காலுன்னு..."

"அது தழும்பு. எண்பத்திமூண்டில சைக்கிளால விழுந்தது. டொக்டரின்ர கடிதம் ஒன்பதாம் பக்கத்தில இருக்கு. பிறகு அவை தழும்பைக் கண்டு, இயக்கத்தில வந்த காயமோ எண்டு கேட்டால்?"

"அங்க எதுக்குங்க ஒங்க முழங்கால பாக்கப் போறாங்க?"

தவயோகன் பெருமூச்சு விட்டான். மொக்கு மாணவனுக்கு மூல் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது விடுகிற அதே பெருமூச்சு. "தங்கச்சி, இது உங்களுக்கு விளங்காது. நான் ஏழு அறை எடுத்தவன். அனுப்புங்கோ."

இராமலெட்சுமி தோளைக் குலுக்கிவிட்டு அனுப்பினாள். மூன்று வீட்டுக்கும் ஒன்பது ஒன்பது பக்கம். மெஷின் இருபத்தேழு தரம் முனகியது. பக்கத்திலிருந்த இராமையா தேநீர்க் கடையில் பிளேன்டீ வாங்கி வந்து குடித்துக்கொண்டு, இங்கிலாந்து இன்றைக்குத் திக்குமுக்காடப் போகிறது என்று தவயோகன் பெருமிதத்தோடு பார்த்திருந்தான். அந்த ஒரு விடயத்தில் அவன் நினைத்தது சரி.

செவ்வாய்க்கிழமை இரண்டு பதில்கள் வந்தன. ஒருவர், மன்னிக்கவும் அறை போய்விட்டது என்றார். மற்றவரும், மன்னிக்கவும் அறை போய்விட்டது என்றார். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது. இங்கிலாந்தில் அறைகள் நல்ல விறுவிறுப்பாகப் போகின்றன என்று தவயோகன் நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை பகல், டியூஷன் இடைவேளையில் ஓடி வந்தபோது மூன்றாவது பதில் அவள் மேசையில் இருந்தது. மிஸிஸ் கிரீன்வுட் என்ற பெண்மணி கையால் எழுதியது. 'அன்புள்ள ஐயா, உங்கள் நீண்ட கடிதத்துக்கு நன்றி. நான் தனியாக வாழும் விதவை. பொலிஸ் இரண்டு முறை கைது செய்த ஒருவரை வீட்டில் வைத்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் முழங்கால் விரைவில் குணமடையட்டும்.'

தவயோகன் அதை மூன்று தரம் வாசித்தான். மூன்றாவது தரம்தான் தலையில் இடி இறங்கியது. இங்கே எந்தக் கடிதத்தைக் கண்டு கதவு திறக்குமோ, அங்கே அதே கடிதத்தைக் கண்டு மூன்று வீட்டிலும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். ஒரு மனிதன் தன் கையால், தன் செலவில், தன்னை மூன்று தரம் காட்டிக்கொடுத்திருக்கிறான். முகத்தை மூடிக்கொண்டு ஆமிக்கு ஆள் காட்டுகிற எந்தத் தலையாட்டியும் செய்யாத வேலை.

அவன் மர வாங்கில் உட்கார்ந்தான். வெளியே காலி வீதியில் பஸ்கள் இரைந்தன. "சரி தங்கச்சி," என்றான். "முடிஞ்சுது. திங்கக்கிழமை வெறுங்கையோடதான் போகவேணும். போறதும் ஒண்டுதான், விடுறதும் ஒண்டுதான்."

"இன்னும் ரெண்டு பேரு இருக்காங்கல்ல பட்டியல்ல?"

"அவைக்கு பக்ஸ் இல்லை."

"போன் இருக்குல்ல."

"போனில என்னத்தைக் கதைக்கிறது? பேப்பரைப் பாத்தே பயந்த சனம்."

இராமலெட்சுமி அந்தக் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். ஆங்கிலம் வாசிக்கும்போது அவள் உதடுகள் மெல்ல அசையும். "அந்த ரெண்டு பேரு வேணாம். இந்தம்மாவுக்கே பேசலாம்."

"இவ மாட்டன் எண்டிட்டா!"

"மத்த ரெண்டு பேரும் ரூம் போயிருச்சுன்னு பொய் சொல்லிட்டாங்க. பொய் சொன்னவங்ககிட்ட நாம என்னாத்த பேசுறது? இந்தம்மா பயமா இருக்குன்னு நெசத்த சொல்லியிருக்கு. பயத்த பேசித் தீக்கலாம் மாஸ்டர். நான் தீத்திருக்கேன்."

"எங்கே?"

"கொட்டாஞ்சேனையில. ரூம் தேடி ஏழு வீட்டுக் கதவத் தட்டினேன். தோட்டத்து ஆளு, தனியா இருக்கிற பொம்பள, ராத்திரி ஒம்பது மணிக்கு வேல முடிஞ்சு வருவேன். யாரு குடுப்பா? ஏழு வீட்டிலயும் அவங்க கேள்வி கேட்டாங்க, நான் கடுதாசி காட்டினேன். எட்டாவது வீட்ல நான் கேட்டேன். தண்ணி எத்தனை மணிக்கு வருது, கூரை ஒழுகுதா, பக்கத்து வீட்டுக்காரன் குடிப்பானான்னு. அந்த அன்னபாக்கியம் அம்மா அசந்து போயிட்டாங்க. கேள்வி கேக்கிறவ ஓடிப்போற ஆளா இருக்க மாட்டான்னு நெனச்சிருப்பாங்க போல. ஆறு வருஷமா அங்கதான் இருக்கேன்."

ஏழு அறை எடுத்தவனுக்கு, ஒரு வீட்டுக்காரரையாவது ஒரு கேள்வி கேட்டதாக ஞாபகம் வரவில்லை. கேள்வி கேட்பது எப்போதும் மற்றவர்களுடைய வேலையாகவே இருந்திருக்கிறது.

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப ரெண்டேகால். அங்க காலையில ஒம்பதேகால். வயசானவங்க டீ குடிச்சிட்டு நல்ல மனசோட இருக்கிற நேரம். ரெண்டாம் கூண்டுக்கு வாங்க. நீங்க பேசாதீங்க. நான் கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க."

ஒரு கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்பதென்றால் ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் நிறுத்தவேண்டும். அவள் இலக்கத்தை அழுத்தினாள். நீண்ட மணி. பிறகு ஒரு மெல்லிய, நடுங்கும் "ஹலோ."

"குட் மோனிங் மேடம். நான் கொழும்பிலிருந்து பேசுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் நேர்மையான கடிதம்."

தவயோகன் திகைத்தான். அவளுடைய ஆங்கிலத்தில் இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே பஸ்ஸின் புட்போர்டில் தொங்கிக்கொண்டு போயின. ஆனால் பஸ் நிற்கவில்லை. கூரையில்லாத கூண்டுகளுக்கு வெளியே இருந்து, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டு வீட்டுக்காரரோடும் காரியாலயங்களோடும் கெஞ்சியதையும் சண்டை பிடித்ததையும் ஒன்பது வருடம் கேட்டுக் கேட்டுக் கற்ற ஆங்கிலம் அது. அவனோ பட்டம் வாங்கியவன். ஆங்கிலேயர் ஒருவர் எதிரில் வந்தால் இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்று சிரித்து மட்டும் வைக்கிறவன்.

"நீங்கள் பயப்படுவது சரி மேடம். நானும் தனியாக வாழும் பெண்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் மழை பெய்யுமா?"

மறுமுனையில் ஒரு சிறு சிரிப்பு. மழையைத் தவிர வேறெதுவும் பெய்வதில்லை என்றார் மிஸிஸ் கிரீன்வுட்.

"இங்கே பொலிஸ் பிடிப்பதும் அப்படித்தான். எங்கள் ஆட்களில் நனையாத ஆளே இல்லை. அந்தக் காகிதம் இவர் கெட்டவர் என்பதற்கு இல்லை. நனைந்து, காய்ந்து, வீட்டுக்குப் போனார் என்பதற்கு. இவர் இரசாயன ஆசிரியர். அளவுக்கு மிஞ்சிப் படித்தவர், ஆகவே அளவுக்கு மிஞ்சிக் காகிதம் அனுப்பிவிட்டார். அது மட்டும்தான் இவருடைய குற்றம்."

கூண்டுக்குள் அழைப்புக் கட்டணத்தின் சிவப்பு இலக்கங்கள் ஓடின. தவயோகன் மூச்சை நிறுத்தினான். அது அவனுடைய முறையும் கூட.

"இப்போது நான் கேட்கிறேன் மேடம்," என்றாள் இராமலெட்சுமி. "அறை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? ஹீட்டருக்குக் காசு போடும் பெட்டி அறைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளியே என்றால் யார் போட்டது என்று பிறகு சண்டை வரும். சுவரில் ஈரம் இருக்கிறதா? உடுப்பை எங்கே காய விடுவது? வெந்நீர் காலையிலா மாலையிலா? கறி சமைத்தால் உங்களுக்குத் தலையிடிக்குமா?"

மிஸிஸ் கிரீன்வுட் பதில் சொன்னார். முதலில் ஒவ்வொரு சொல்லாக, பிறகு ஒவ்வொரு வசனமாக, பிறகு நிறுத்தாமல். அறை மேலே. பெட்டி உள்ளே. சுவரில் ஈரம் கொஞ்சம் உண்டு, அதை முன்பிருந்த மாணவன் ஒருநாளும் கேட்டதில்லை. கறியால் தலையிடி வராது, அவருடைய கணவர் கப்பல்காரர், கொழும்புத் துறைமுகத்துக்கு இரண்டு தரம் வந்தவர். இப்போது தனக்கு இடுப்பு வலி, படியேற முடிவதில்லை, வெளியே போக முடிவதில்லை.

"அப்போ கடைக்கு யார் போகிறது மேடம்?"

கடைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போகிறாள். ஆனால் மேஜரை நடத்திக்கொண்டு போகத்தான் யாரும் இல்லை.

"மேஜர் யார் மேடம்?"

நாய். காலையிலும் மாலையிலும் அதை யாராவது நடத்திக்கொண்டு போவதென்றால், வாடகையில் கால் பங்கைக் குறைத்துவிடலாம். அந்த ஆசிரியருக்கு நாய் பிடிக்குமா?

இராமலெட்சுமி தவயோகனைத் திரும்பிப் பார்த்தாள். தவயோகன் இரண்டு கைகளாலும் தலையாலும் கண்களாலும் இல்லை, இல்லை, இல்லை என்றான். ஆமிக்காரரின் மோப்ப நாய் ஒன்று சோதனைச் சாவடியில் அவன் காற்சட்டையை முகர்ந்த நாளிலிருந்து, தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

"நாய் என்றால் அவருக்கு உயிர் மேடம்," என்றாள் இராமலெட்சுமி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது. அறை அவனுக்குத்தான், இந்த வாடகைக்கு, இந்தத் திகதியிலிருந்து என்று விசாக்காரருக்கு வேண்டியதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. அடியில் ஒரு வரி: 'தயவுசெய்து மேற்கொண்டு காகிதம் எதுவும் அனுப்ப வேண்டாம். கூட வரும் படிவத்தை மட்டும் நிரப்புங்கள்.'

படிவத்தில் நாலே கேள்விகள். உங்கள் பெயர். வரும் நாள். காலையில் என்ன சாப்பிடுவீர்கள். உங்களை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி, தொழில். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் மிஸிஸ் கிரீன்வுட் பென்சிலால் எழுதியிருந்தார்: 'போனில் பேசிய பெண்மணி என்றால் எனக்குப் போதும்.'

தவயோகன் பேனையைத் திறந்தான். இராமலெட்சுமி என்று எழுதினான். அதற்குமேல் எழுத ஒன்றும் தெரியாமல் நிமிர்ந்தான். மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு தரம் வந்து போகிற இடம்.

"அட்ரஸைச் சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புக்குள், ஒரு முடுக்குக்குள், அன்னபாக்கியம் அம்மா வீட்டின் பின்னறை. அவன் ஒவ்வொரு சொல்லையும் மாணவன்போல எழுதினான்.

"படிவத்தில வயசு கேட்கேல்லை. ஆனாலும் உங்களுக்கு எத்தினை?"

"முப்பது."

"எனக்கு இருபத்தெட்டு."

"தெரியுமே. அதுதான் ரெண்டாம் பக்கத்தில, நாலாம் பக்கத்தில, ஏழாம் பக்கத்தில எல்லாம் இருந்திச்சே."

"அப்ப இனி உங்களை அக்கா எண்டுதான் கூப்பிடவேணும்."

"கூப்புடுங்க. ஆனா பக்ஸ் காச கொறைக்க மாட்டேன்."

தொழில் என்ற இடத்தில் அவன் சிறிது யோசித்து எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள். 'வெளிநாட்டு வீட்டுவசதி ஆலோசகர், கொழும்பு' என்று இருந்தது.

"ஐயோ மாஸ்டர்! இது பொய்யில்லியா?"

"எனக்கு நாயெண்டால் உயிர் எண்டு நீங்கள் சொன்னதைவிடச் சின்னப் பொய் அக்கா. எனக்கெண்டால் இது பொய்யாவே தெரியேல்லை."

அவள் படிவத்தை மெஷினுக்குள் செருகினாள். இந்த முறை அது ஒரே ஒரு தரம்தான் முனகியது.

திங்கட்கிழமை விசா அதிகாரி கடிதத்தை வாசித்துவிட்டு, வேறு ஆதாரம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். தவயோகனின் கை பழக்கதோஷத்தில் மஞ்சள் பைலை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. "இல்லை ஐயா," என்றான். "அறையின் சுவரில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. அதைத் தவிர எல்லாம் சரி." அதிகாரி முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். நாலு நாளில் விசா வந்தது.

பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் டியூஷன் முடிந்ததும் தவயோகன் கொமினிக்கேஷனுக்கு வந்தான். அழைப்பு எடுக்க அல்ல. ஒழுங்கை முனையில் படுத்துக்கிடக்கும் செம்மஞ்சள் நிறத் தெருநாய்க்குப் பிஸ்கட் கொடுத்துப் பழக. இராமலெட்சுமி கடை வாசலில் நின்று கட்டளையிடுவாள். முதல் வாரம் பத்தடி தூரத்திலிருந்து எறிந்தான். இரண்டாம் வாரம் நிலத்தில் வைத்துவிட்டு ஓடினான். பக்கத்துக் காவலரணில் நின்ற சிப்பாய் ஒருநாள் இறங்கி வந்து, "மொகத கரன்னே?" என்றான், என்ன செய்கிறாய் என்று. தவயோகன் அடையாள அட்டையைத் தேடாமல், "பல்லாட்ட பிஸ்கட் தெனவா", நாய்க்குப் பிஸ்கட் கொடுக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னான். சிப்பாய் நாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டில் எது அதிகம் நடுங்குகிறது என்று நிதானித்திருக்க வேண்டும். பிறகு பிஸ்கட்டை எப்படிப் பிடிப்பது என்று தானே செய்து காட்டிவிட்டுப் போனான்.

மூன்றாம் வாரக் கடைசி நாள், நாய் எழுந்து வந்து, அவன் உள்ளங்கையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தது. ஈர மூக்கு விரலில் பட்டது. தவயோகன் கண்ணை இறுக மூடிக்கொண்டான், ஆனால் கையை இழுக்கவில்லை. நாய் நக்கி முடித்ததும் கண்ணைத் திறந்து, வாசலைப் பார்த்து வெற்றிவீரன்போல நிமிர்ந்தான்.

"அக்கா! கண்டனீங்களோ? இனி மேஜர் வந்தாலும் ஒண்டுதான், ஜெனரல் வந்தாலும் ஒண்டுதான்!"

"ரொம்ப நல்லா இருந்திச்சு மாஸ்டர்," என்றாள் இராமலெட்சுமி. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பால் வந்த நீர்தான் என்று அவன் முடிவு செய்துகொண்டான். "ஒண்ணு மட்டும் சொல்லாம விட்டுட்டேன். அன்னிக்கே, நீங்க கூண்ட விட்டு வெளிய ஓடின பொறகு, மேஜர் எவ்வளவு ஒசரம்னு போன்ல கேட்டேன்."

"எவ்வளவாம்?"

"கன்னுக்குட்டி அளவுன்னு சொன்னிச்சு அந்தம்மா. அப்பவே சொல்லியிருந்தா, நீங்க போனப் புடுங்கி வச்சிருப்பீங்க."